நடுப்பலகையின் அச்சாணி

பாய்ப்படகு வைத்திருப்போர் பாயையும் பாய்மரத்தையும் கயிறுகளையும் கண்ணுங்கருத்துமாகப் பேணுவதும், ஆண்டுக்கொரு முறை அடிப்பாகத்தைச் சுரண்டி வர்ணம் பூசுவதும் வழக்கமே. ஆயினும் நீர்மட்டத்துக்குக் கீழே, குறுகிய கூட்டுக்குள், வெளிச்சமும் கையும் எட்டாத இடத்தில் அமர்ந்து நடுப்பலகை முழுவதையும் தாங்கி நிற்கும் விரற்பருமனான உலோகத் துண்டொன்றை, அது ஒடிகிற வரையிலோ படகுக்குள் தண்ணீர் கசிகிற வரையிலோ நினைத்துப் பார்ப்பவர் அரிது. அந்தத் துண்டையும், அதைச் சூழ்ந்த துளை, புஷ், வாஷர், தாங்கி, கம்பிவடம் ஆகியவற்றையும் பரிசோதித்துப் புதுப்பிக்கும் முறையை இவ்வத்தியாயம் விவரிக்கிறது. ஆப்டிமிஸ்ட், லேசர் போன்ற சிறு படகுகளில் பலகையை மேலிருந்து செருகி மேலேயே உருவிவிடுவார்கள். அவற்றில் அச்சாணியே இல்லையாதலால், அப்படகுகளை உடையவர்கள் இந்தப் பக்கங்களைப் புரட்டிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குச் செல்லலாம்.

காற்று வரும் திசைக்கு ஓரளவு முகங்கொடுத்துப் பாய்ப்படகு முன்னேற முடிவதற்குக் காரணம், பாயில் விழும் விசை படகைப் பக்கவாட்டில் தள்ள முற்படும்போது, நீருக்குள் ஆழ்ந்திருக்கும் ஒரு தகடு அத்தள்ளுதலை எதிர்த்து நிற்பதே. ஆழ்கடலில் ஓடும் பெரிய படகுகளில் இந்தக் காரியத்தை அசையாத ஏராவே செய்துவிடும். கழிமுகங்களிலும் ஏரிகளிலும் கரையோரத்து ஆழமற்ற நீரிலும் செல்ல வேண்டிய சிறு படகுக்கோ, வேண்டும்போது இறக்கவும் வேண்டாதபோது உயர்த்தவும் கூடிய பலகை அவசியமாகிறது. 1774-ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரில் பணியிலிருந்த ஜான் ஷாங்க் என்னும் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி, நேர்குத்தாக ஏறி இறங்கும் பலகை பொருத்திய படகொன்றைக் கட்டினார். பலகையின் முன்முனையில் ஓர் ஆணியைச் செருகி, அதையே மையமாகக் கொண்டு அது சுழன்று மேலேறும்படி அமைக்கும் முறைக்கு, அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாகாணத்துக் கேப் மே பகுதியைச் சேர்ந்த ஸ்வெயின் குடும்பத்தார் மூவர் 1811-இல் காப்புரிமை பெற்றார்கள். நேர்குத்துப் பலகை தரை தட்டினால் தானும் உடையும், கூட்டையும் பிளக்கும்; சுழலும் பலகையோ மணல்திட்டில் மோதியவுடன் பின்புறமாக மடிந்து கூட்டுக்குள் ஒதுங்கிக்கொள்ளும். இந்தச் சௌகரியம் வந்த அன்றே அதன் உபத்திரவமும் கூடவே வந்துவிட்டது: பாரம் முழுவதும் ஒரே ஆணியில் தொங்க, அந்த ஆணிக்காகப் படகின் நீர்ப்பகுதியிலேயே துளையிட வேண்டியதாயிற்று.

பழைய வீடுகளில் கதவுகள் கீல் இல்லாமல், மேலும் கீழும் நீண்ட குடுமிகளின் மேல் நின்று குழியில் சுழல்வதை வாசகர்கள் பார்த்திருக்கலாம். குடுமி தேய்ந்தால் தச்சர் ஒரு பூண் மாட்டிச் சரிசெய்துவிடுவார், குழி தேய்ந்துவிட்டாலோ வாசற்படியையே பெயர்க்க நேரிடும். நடுப்பலகையின் விஷயமும் அத்தன்மையதே. ஒன்றோடொன்று உராயும் இரண்டு பொருள்களில் ஏதேனும் ஒன்று தேய்ந்தே தீரும். ஆதலால் எது தேய வேண்டும் என்பதைப் படகுக்காரர் முன்கூட்டியே தீர்மானித்து, மலிவானதும் எளிதில் கழற்றி மாற்றக் கூடியதுமான பாகத்தை அந்த ஸ்தானத்தில் அமர்த்திவிட வேண்டும். புஷ் தேயலாம், அச்சாணி தேயலாம், பலகையும் கூடும் தேயலாகாது என்பதே இங்கே சொல்லப்படும் முறைகள் அனைத்துக்கும் அடிப்படை. பழைய போல்ட்டைக் கழற்றிவிட்டு அதே அளவில் புதிய போல்ட்டை மாட்டி வேலை முடிந்ததென்று எண்ணுகிறவர், நீள்வட்டமாகிவிட்ட துளையை அப்படியே விட்டுவைத்து, புதிய போல்ட்டையும் அதற்கே இரையாக்குகிறார்.

தேய்மானம் எப்போது நிகழ்கிறது என்பதைப் பற்றிப் பலருக்கும் தவறான எண்ணம் உண்டு. பலத்த காற்றில் படகு சாய்ந்து ஓடும்போதுதான் அச்சாணிக்கு அதிக உபாதை என்று தோன்றும். உண்மையில் அச்சமயம் பக்கவாட்டு விசையின் பெரும்பகுதியைக் கூட்டின் வாய்ப்பகுதியே தாங்கிக்கொள்ள, பலகை ஒருபுறமாக அழுந்தி அசையாமல் நின்றுவிடுகிறது. அச்சாணியைத் தின்பது ஓட்டம் அன்று, ஓய்வு. நங்கூரமிட்டோ மிதவையில் கட்டியோ விட்ட படகு இரவும் பகலும் சிற்றலையில் ஆடிக்கொண்டிருக்கும்போது, பலகை இப்புறமும் அப்புறமுமாகக் கூட்டில் தட்டித் தட்டி, ஒவ்வொரு தட்டலிலும் அணுவளவு உலோகத்தையோ மரத்தையோ கொண்டுபோகிறது. அதைவிடக் கொடியது சாலைப் பிரயாணம்: படகை டிரெய்லரில் ஏற்றி இழுத்துச் செல்லும்போது, பலகை அல்லது வார்ப்பிரும்பு ஏரா டிரெய்லரின் கட்டையில் படிந்திராமல் ஆணியிலும் கம்பிவடத்திலும் தொங்கிக்கொண்டிருந்தால், பாதையின் ஒவ்வொரு மேடுபள்ளமும் சம்மட்டியடியாக அந்த ஆணியின் மேல் விழும். படகை ஏற்றியதும் பலகையைத் தளர்த்தி டிரெய்லரின் குறுக்குக் கட்டையில் படியவைத்துவிட்டால், வேறெந்தச் செலவும் இல்லாமல் அச்சாணியின் ஆயுளைக் கணிசமாக நீட்டலாம்.

ஆட்டம் கண்டிருக்கிறதா என்று அறிவதற்குப் படகைப் பிரிக்க வேண்டியதில்லை. கரையேற்றிய படகில் பலகையைப் பாதியளவு இறக்கி, ஒருவர் அதன் நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைக்க, மற்றொருவர் கூட்டின்மேல் காதை வைத்துக் கேட்கட்டும். மெத்தென்ற சிறு ஒலி கேட்டால் பாதகமில்லை, உலோகம் உலோகத்தில் மோதும் கணீரென்ற ஓசை எழுந்தால் வாஷர்களோ இடைத்தகடுகளோ தேய்ந்து போயின என்று அறியலாம். அடுத்து, பலகையின் முன்தலையை ஒரு மரநெம்புகோலால் மேலே நெம்பிப் பாருங்கள்: அது எவ்வளவு எழும்புகிறதோ அவ்வளவே துளையிலும் ஆணியிலும் ஏற்பட்ட தேய்மானத்தின் கூட்டுத்தொகை. சிறு படகில் இரண்டு மில்லிமீட்டர் எழும்பினாலே பிரித்துப் பார்ப்பது நலம் என்பது என் அபிப்பிராயம். கூட்டின் வெளிச்சுவரில் போல்ட்டின் தலையைச் சுற்றிப் பழுப்பு நிறக் கறை வழிந்திருந்தால், ஆட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதைக் கழற்றியே ஆகவேண்டும். உள்ளே துரு தொடங்கிவிட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான அத்தாட்சி வேறில்லை.

இலேசான மரப்பலகை கொண்ட படகுகளை முதலில் எடுத்துக்கொள்வோம். ஜாக் ஹோல்ட் 1956-இல் வடிவமைத்த என்டர்பிரைஸ், இயன் புராக்டர் 1957-இல் வடிவமைத்த வேஃபேரர் ஆகியவை இவ்வகைக்குத் தக்க உதாரணங்கள். இவற்றைப் பழைய டயர்களின் மேலோ மெத்தையின் மேலோ பக்கவாட்டில் சாய்த்துவிட்டு, பலகையை அடிப்புறத்தில் சிறிது வெளியே இழுத்து, அதன் பாரம் போல்ட்டின்மேல் விழாதவாறு ஒருவர் தாங்கிக்கொள்ள, மற்றொருவர் நட்டைக் கழற்றினால் போல்ட் தானே வந்துவிடும். வராமல் முரண்டு பிடித்தால் சுத்தியலை எடுக்கத் துணிய வேண்டாம். துருநீக்கும் எண்ணெயை முதல் நாள் மாலையே விட்டு ஊறவைத்து, மறுநாள் நட்டை மரையில் பாதியளவு மட்டும் மாட்டி, அதன்மேல் ஒரு மரக்கட்டையை வைத்து மெல்லத் தட்டுவதே முறை. மரையை நேராக அடித்து நசுக்கிவிட்டால், அதைத் துளை வழியாக இழுக்கும்போது துளையும் சேர்ந்து கெடும்.

கனமான ஏராவின் விஷயம் முற்றிலும் வேறு. அங்கே சோம்பலுக்கும் அவசரத்துக்கும் இடமே கிடையாது. ஃபிராங்க் பட்லர் 1969-இல் தொடங்கிய நிறுவனத்தின் முதற்படகாகிய காட்டலினா 22 என்பதைப் பார்ப்போம். சுமார் 6.5 மீட்டர் நீளமுள்ள இந்தப் படகில் பதினையாயிரத்துக்கும் மேற்பட்டவை கட்டப்பட்டு, அமெரிக்காவின் ஏரிகளிலும் விரிகுடாக்களிலும் பரவியிருக்கின்றன. இதன் சுழலும் ஏரா 550 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 250 கிலோ எடையுள்ள வார்ப்பிரும்பு. உயர்த்தினால் படகு 2 அடி ஆழத்திலும், இறக்கினால் 5 அடி ஆழத்திலும் மிதக்கும். 1 அங்குலம் விட்டமுள்ள அச்சாணியில் இது தொங்குகிறது; அவ்வச்சாணியின் இரு முனைகளும், படகின் அடியில் திருகாணிகளால் பிணைக்கப்பட்ட இரண்டு வார்ப்புத் தாங்கிகளுக்குள் அமர்ந்திருக்கின்றன. ஆணி படகின் சுவரைத் துளைத்துச் செல்லாமல் முழுவதும் வெளிப்புறத்திலேயே இருப்பதால், ஆணியின் வழியே கசிவு என்ற பேச்சுக்கே இடமில்லை. அதற்குப் பதிலாக, படகுக்குள் இருந்தபடி அதைப் பார்க்கவும் வழியில்லை.

இவ்வளவு பெரிய இரும்பைக் கழற்ற முற்படும்போது நினைவில் நிறுத்த வேண்டிய முதல் விதி, கம்பிவடத்தை மட்டும் நம்பி ஏராவின் கீழே எந்த அங்கத்தையும் நீட்டக் கூடாது என்பது. படகைக் கிரேன் கொண்டோ பட்டைகளில் ஏந்தியோ உயர்த்தி, சங்கிலியால் ஒன்றோடொன்று பிணைத்த தாங்குகால்களின்மேல் நிலையாக நிறுத்தியபின், கனமான மரக்கட்டைகளை அடுக்கி ஒரு தொட்டில் அமைத்து, வின்ச்சைச் சுழற்றி ஏராவை அதன்மேல் படியவிட வேண்டும். வடம் தொய்ந்து பாரம் முழுவதும் கட்டைகளுக்கு மாறிவிட்டதை உறுதிசெய்துகொண்ட பிறகே வடத்தைக் கழற்றலாம். பின்னர் ஏராவின் முன்தலைக்குக் கீழே ஒரு ஜாக்கியை வைத்து, மயிரிழை உயர்த்தினாற்போல் ஏந்திக்கொண்டு, தாங்கிகளின் திருகாணிகளை மாறி மாறிச் சிறிது சிறிதாகத் தளர்த்தி, தாங்கிகளும் ஆணியும் ஏராவும் ஒரே தொகுதியாகக் கீழிறங்கும்படி ஜாக்கியைத் தாழ்த்துவது உத்தமம். வின்ச்சின் கைப்பிடி கையிலிருந்து நழுவி அசுரவேகத்தில் சுழன்று மணிக்கட்டை முறிக்கக்கூடும். ஆகவே இறக்கும் வேலையை எப்போதும் வயதுவந்த ஒருவரே, வேறு பேச்சில்லாமல், இரு கைகளாலும் செய்ய வேண்டும்.

கழற்றிய ஆணியைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தாங்கிகளுக்குள் மறைந்திருந்த இரு முனைகளும் கறுத்து, பழைய விட்டத்தை அப்படியே காத்து நிற்க, நடுப்பகுதி மட்டும் மெருகேறிப் பளபளத்து இடை சிறுத்திருக்கும். சுற்றளவு முழுவதும் ஒரே சீராகவும் சிறுத்திராது. ஏரா ஆணியின் மேல் தொங்குவதால், ஆணியின் மேற்புறமே அதிகம் தேய்ந்திருக்கும், கீழ்ப்புறத்தில் சில சமயம் கடைசலின் வரிகள்கூட அழியாமல் இருக்கும். அதற்கு எதிர்ப்பாகமாக, ஏராவின் துளை மேற்புறமாக நீண்டிருக்கும். தாங்கிகளின் துளைகளோ கீழ்ப்புறமாக. வெர்னியரைக் கொண்டு முனையிலும் நடுவிலும், ஒவ்வோரிடத்திலும் இரண்டு திசைகளில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்: முனையில் 25.4 மில்லிமீட்டர் இருக்க, நடுவில் 24-க்கும் கீழே இறங்கியிருந்தால், அந்த ஆணியை மறுபடி மாட்டுவதற்கு யோசிக்கவே வேண்டாம். ஆணியைவிட முக்கியமான அளவு ஒன்று உண்டு. அதைத்தான் பெரும்பாலோர் எடுப்பதில்லை. ஏராவின் துளைக்கும் அதன் மேல்விளிம்புக்கும் இடையே எஞ்சியிருக்கும் இரும்பின் கனம் எவ்வளவு என்பதே அது. துளை நீண்டுகொண்டே போகப்போக அந்தச் சுவர் மெலிந்து, முடிவில் பிளக்கும். ஆணியை மாற்றுவது ஒரு நாள் வேலை, ஏராவை மாற்றுவதோ படகின் விலையில் ஒரு பெரும் பங்கு.

உலோகங்களைத் தேர்ந்தெடுப்பதில் கடைக்காரரின் சொல்லைக் காட்டிலும் கடல்நீரின் சுபாவத்தை மதிப்பதே விவேகம். இரண்டு வெவ்வேறு உலோகங்கள் உப்புநீரில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அங்கே ஒரு மின்கலம் உண்டாகி, அவ்விரண்டில் தாழ்ந்த உலோகம் கரைந்துகொண்டே போகும். இரும்பு ஏராவில் வெண்கல ஆணியைப் போட்டால் கரைவது இரும்பு; அலுமினியப் பலகையில் எவர்சில்வர் போல்ட்டைப் போட்டால் கரைவது அலுமினியம். பித்தளையைக் கடல்நீரில் பிரயோகிப்பதை அறவே தவிர்க்க வேண்டும்: அதிலுள்ள துத்தநாகம் நாளடைவில் வெளியேறிவிட, உருவம் கெடாமலேயே உள்ளே கடற்பஞ்சாகி, ரோஜா நிறத்தில் உதிரும் செம்பு மட்டுமே மிஞ்சும். ஏரி நீரிலேயே வாழ்நாள் முழுவதும் கழிக்கும் படகுக்கு இவ்வளவு பயம் வேண்டியதில்லை.

எவர்சில்வர் என்றாலே துருப்பிடிக்காது என்ற நம்பிக்கை சமையலறைக்குப் பொருந்தும். படகின் அடிப்பாகத்துக்குப் பொருந்தாது. அந்த எஃகைக் காப்பது அதன் மேற்பரப்பில் பிராணவாயுவினால் உண்டாகும் மெல்லிய படலம். ஈர மரத்துக்குள்ளோ ரப்பர் வாஷருக்கு அடியிலோ தேங்கிக் கிடக்கும் நீரில் பிராணவாயு தீர்ந்துவிடும்போது, அப்படலம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள முடியாமல், அங்கே மட்டும் குழி விழத் தொடங்கும். ஆகவே வெளியே தலையும் நட்டும் கண்ணாடிபோல் மின்ன, உள்ளே தண்டு பாதியாகக் குறைந்திருப்பது அபூர்வமான சங்கதியன்று. 304 என்னும் சாதாரண வகையைக் காட்டிலும், 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் கலந்த 316 வகை இதை நெடுங்காலம் எதிர்த்து நிற்கும். ஆயினும் அதையும் ஆண்டுக்கொரு முறை உருவிப் பார்க்காமல் நம்பலாகாது. இரும்பு ஏராவுக்கு 316 எஃகு ஆணியும், துளையில் வெண்கலப் புஷ்ஷும், அவற்றைச் சுற்றிலும் நீர் புகாத கிரீஸும் என்பது அனுபவத்தில் நன்கு நடக்கும் ஏற்பாடு. அலுமினியப் பலகைக்கோ, உலோகம் உலோகத்தைத் தொடாதவாறு அசிட்டால் என்னும் கெட்டிப் பிளாஸ்டிக்கில் கடைந்த புஷ்ஷே ஏற்றது. நைலானைத் தவிர்ப்பது நலம். அது நீரை உறிஞ்சி ஊதிப் பருத்து, கடையில் லகுவாகச் சுழன்ற புஷ் இரண்டு வாரங்களில் ஆணியை இறுகக் கவ்விக்கொள்ளும்.

இனி மரப்பலகையின் துளையைப் புதுப்பிக்கும் முறை. இது எளிது, மலிவு, எவரும் வீட்டிலேயே செய்யத்தக்கது. ஆனால் பொறுமை வேண்டும். பலகை முற்றும் உலர்ந்த பிறகே தொடங்க வேண்டும். ஈரமரத்தில் எப்பாக்ஸி பற்றாது. முதற்காரியமாக, பழைய துளையின் உண்மையான மையத்தைக் கண்டறிந்து குறித்துக்கொள்க. நீள்வட்டமாகிவிட்ட துளையின் நடுவை அளந்து அதையே மையமாகக் கொண்டால், புதிய துளை தேய்ந்த பக்கமாக நகர்ந்துவிடும். தேயாத பக்கத்து விளிம்பிலிருந்து போல்ட்டின் பாதி விட்டத்தை அளந்து குறிப்பதே சரியானது. 10 மில்லிமீட்டர் போல்ட்டுக்குச் சுமார் 20 மில்லிமீட்டர் அகலத்துக்குத் துளையை விரிவாக்கி, மக்கிய மரம் எதுவும் மிஞ்சாமல் சுரண்டியெடுத்து, உட்சுவரில் வெறும் எப்பாக்ஸியை இரண்டு முறை தடவி மரநாளங்கள் குடிக்கும் மட்டும் குடிக்கவிட வேண்டும். பின்னர் ஒருபுறத்தைப் பிளாஸ்டிக் நாடாவால் அடைத்து, எப்பாக்ஸியோடு சிலிக்காத் தூளும் சிறிது கிராஃபைட் தூளும் கலந்து, கெட்டியான தேன் பதத்தில் குழைத்து நிரப்புக. கிராஃபைட் அந்தத் துளைக்கு வழுவழுப்பைத் தரும். அலுமினியம் அருகிலிருக்கும் இடத்தில் மட்டும் அதைச் சேர்க்க வேண்டாம், ஏனெனில் அதுவும் மின்சாரத்தைக் கடத்தும்.

நம் ஊர் வெயிலில் இந்தக் குழம்பை ஒரே மூச்சில் நிரப்பினால், உள்ளே எழும் உஷ்ணத்தில் அது புகைந்து நுரைத்து வெடிப்புவிடும்; அதிகாலையில், இரண்டு தவணைகளில் நிரப்புவது பாதுகாப்பு. நன்றாக இறுகியபின் இருபுறமும் உப்புத்தாளால் தேய்த்துச் சமமாக்கி, கையிலேந்தும் டிரில்லால் அல்லாமல், நிலையான டிரில் மேஜையில் பலகையைப் படுக்கவைத்து, மிகச் செங்குத்தாகப் புதிய துளையைப் போடுக. துளை ஒரு பாகை சாய்ந்தாலும், ஒரு மீட்டர் நீளமுள்ள பலகையின் நுனி 17 மில்லிமீட்டருக்கு மேல் விலகி, கூட்டின் சுவரை ஒவ்வொரு தடவையும் உரசும். ஆணிக்கும் துளைக்கும் இடையே கால் மில்லிமீட்டர் இடைவெளி போதும். கூட்டின் இரு சுவர்களிலுள்ள துளைகளும் தேய்ந்திருந்தால் அவற்றையும் இவ்வாறே அடைத்து மறுபடி துளையிடலாம்; அப்போது ஒவ்வொன்றையும் தனித்தனியே போடாமல், நீளமான ஒரே டிரில் துண்டை இரண்டுக்கும் ஊடாகச் செலுத்துவதால் மட்டுமே அவை நேர்கோட்டில் அமையும்.

வார்ப்பிரும்பு ஏராவின் துளைக்கு லேத் பட்டறையின் உதவி இன்றியமையாதது. பழைய மையத்திலிருந்தே துளையைப் பெரிதாக வட்டமாகக் குடைந்து, அதில் வெண்கலப் புஷ்ஷை அழுத்திச் செருகச் சொல்லுங்கள். பட்டறைக்காரர் தேய்ந்த துளையின் நடுவையே மையமாக எடுத்துக்கொள்வது சகஜமாதலால், சரியான மையத்தைச் சாக்குக்கட்டியால் அல்ல, ஊசிமுனையால் கீறி அடையாளமிட்டுக் கொடுப்பது நல்லது. ஏரா பட்டறையில் இருக்கும்போதே அதன் துருவை மணல்வீச்சினால் அகற்றி, வெள்ளி நிறம் மாறுவதற்குள், அதாவது அன்றைக்கே, எப்பாக்ஸிப் பூச்சைத் தடவிவிட வேண்டும். ஓர் இரவு காத்திருந்தால் கண்ணுக்குத் தெரியாத துரு படிந்து, மேற்பூச்சு பாளம் பாளமாக உரியும். துரு இரும்பைவிடப் பன்மடங்கு இடம் கொள்ளுவது. ஆகவே துருப்பிடித்த ஏரா கூட்டுக்குள் வீங்கி இறுகி, இறக்கவே முடியாமல் போவதும் உண்டு.

மறுபடி பொருத்தும்போது, தாங்கிக்கும் ஏராவுக்கும் இடையே இருபுறமும் அசிட்டால் வாஷர்களைச் செருகி, பக்கவாட்டு ஆட்டம் மொத்தத்தில் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேற்படாதபடி நிரவுங்கள். இரவெல்லாம் தூக்கத்தைக் கெடுக்கும் தட்டலோசை பெரும்பாலும் இதனாலேயே அடங்கிவிடும். தாங்கியின் திருகாணிகள் ஏறும் மரைகளை மரைவெட்டியால் சுத்தம் செய்து, திருகாணிகளைப் புதிதாகவே வாங்கிப் போடுக. பழையவை பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். 250 கிலோ எடையைத் தலைகீழாகத் தொங்கவிடுகிறவர், சில நூறு ரூபாயை மிச்சம் பிடிப்பதில் என்ன புத்திசாலித்தனம் இருக்கிறதென்று எனக்கு விளங்கவில்லை.

கூட்டை ஊடுருவிச் செல்லும் போல்ட்டுள்ள படகுகளில், நீர்க்காப்பே பிரதான விஷயம். போல்ட்டின் தலைக்கும் நட்டுக்கும் அடியில் அகலமான உலோக வாஷர், அதற்கும் கூட்டுச் சுவருக்கும் இடையே நியோப்ரீன் ரப்பர் வாஷர் என்ற வரிசையில் மாட்டி, ரப்பர் விளிம்பில் இலேசாகப் பிதுங்கும் மட்டும் இறுக்க வேண்டும். இறுக்கும்போது தலையை ஸ்பானரால் அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருப்புக. போல்ட்டையே திருப்பினால் ரப்பர் சுருண்டு, தடவிய பசையும் அறுந்துபோகும். பசை என்றவுடன் 5200 போன்ற நிரந்தரப் பாலியூரிதேன் பசையைத் தேடிப் போகிறவர்கள் உண்டு. அடுத்த ஆண்டு கழற்றியே ஆகவேண்டிய போல்ட்டுக்கு அது எவ்வகையிலும் பொருந்தாது. பாலிசல்ஃபைடு அல்லது பியூட்டில் நாடா போதுமானது. நட்டை மட்டுமீறி இறுக்கினால் கூட்டின் சுவர்கள் உட்குழிந்து பலகையைப் பிடித்துக்கொள்ளும். இதற்குச் சிறந்த பரிகாரம், கூட்டின் உட்புற அகலத்துக்குச் சரியாக அறுத்த உலோகக் குழாய் ஒன்றைப் பலகையின் துளைக்குள் செருகி, அதனூடே போல்ட்டைச் செலுத்துவது: சுவர்களின் அழுத்தத்தைக் குழாய் வாங்கிக்கொள்ளும், பலகை குழாயின்மேல் சுழலும், போல்ட்டின் மரைப்பகுதி மரத்தை ராவி எடுக்கும் ஆபத்தும் ஒழியும். குழாய் போட இடமில்லாத படகில், மரை இல்லாத வழவழப்பான தண்டுப்பகுதி கூட்டின் அகலத்தைக் கடந்து செல்லுமளவு நீளமான போல்ட்டாகப் பார்த்து வாங்க வேண்டும்.

பொருத்தி முடித்ததும் படகை நீரில் இறக்கிக் கசிகிறதா என்று பார்க்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். டிரெய்லரில் இருக்கும்போதே, வடிகால் அடைப்பைப் போட்டு, போல்ட் மூழ்கும் மட்டும் படகுக்குள் வாளிவாளியாகத் தண்ணீர் ஊற்றி, கூட்டின் அடிவாயில் ஒரு காய்ந்த காகிதத்தை வைத்து அரை மணி நேரம் காத்திருந்தால், உள்ளிருந்து வெளியே சொட்டும் ஒவ்வொரு துளியும் கடலில் வெளியிலிருந்து உள்ளே வரப்போகும் துளியே என்பது தெரிந்துவிடும்.

கம்பிவடத்தைப் பற்றி இரண்டொரு வார்த்தை. ஏராவைத் தூக்கும் வடம் கப்பியின்மேல் வளைந்து ஓடுவதாதலால், ஏழு இழைகளில் பத்தொன்பது பத்தொன்பது கம்பிகளாக முறுக்கிய நெகிழ்வான வகையே அதற்கு ஏற்றது. கைக்குட்டை ஒன்றைச் சுற்றி வடத்தின் நீளம் முழுவதும் இழுத்துப் பாருங்கள். எங்கேனும் நூல் சிக்கினால் அங்கே கம்பி அறுந்திருக்கிறது, வடத்தை அன்றே மாற்ற வேண்டும். ஏராவோடு இணையும் முனையில், நீரிலேயே எப்போதும் கிடக்கும் பூட்டூசியையும் அதன் பிளவூசியையும் ஒவ்வொரு தடவையும் புதியதாக்குவது கட்டாயம்; ஒருமுறை மடக்கி நிமிர்த்திய பிளவூசி மறுமுறை முறியும். வடம் அறுந்தால் ஏரா முழுவேகத்தில் கீழே விழுந்து, கூட்டின் முன்சுவரையோ அடித்தளத்தையோ உடைத்துவிடக்கூடும். இறக்கிய நிலையில் படகு ஓடும்போது வடம் யாழ்நரம்புபோல ரீங்காரமிட்டால் அஞ்ச வேண்டாம். நீரோட்டத்தில் அது அதிர்வதனால் வருவது அது, வின்ச்சை ஒரு பல் கூட்டியோ குறைத்தோ வைத்தால் அடங்கிவிடும்.

புதுப்பித்த படகை முதன்முறை ஓட்டிவிட்டு வந்ததும் எல்லா நட்டுகளையும் திருகாணிகளையும் ஒருமுறை ஸ்பானரிட்டுப் பார்ப்பது அவசியம். புதிய ரப்பரும் புதிய புஷ்ஷும் முதல் பாரத்தில் சிறிது அமர்ந்து, இறுக்கம் குறைந்திருக்கும். கடல்நீரில் இருக்கும் படகில் ஆண்டுக்கொரு முறை, படகோட்டம் ஓய்ந்திருக்கும் பருவத்தில், ஆணியை உருவி அளப்பது போதுமானது. நன்னீரில் இரண்டாண்டுக்கொரு முறை. கூட்டுக்குள் ஒட்டுச்சிப்பி படிந்து பலகையை இறுக்காதபடி, பலகை கழன்றிருக்கும் அந்தச் சந்தர்ப்பத்திலேயே நீண்ட பிடியுள்ள தூரிகையால் கூட்டின் உட்சுவரிலும் பாசித்தடுப்பு வர்ணம் பூசிவிடுக. அலுமினியப் பலகையாயின் செம்பு கலவாத வர்ணமாக இருத்தல் வேண்டும். எடுத்த அளவுகளைத் தேதியுடன் படகின் குறிப்பேட்டில் எழுதி, பழைய ஆணியை எறிந்துவிடாமல் ஒரு சீட்டுக் கட்டி வைத்துக்கொண்டால், அடுத்த முறை லேத் பட்டறைக்குப் போகும்போது முனையின் அளவைக் காட்டிப் புதியது கடைந்து வாங்குவதற்கு அதுவே மாதிரியாகும்.